யுஏபிஏ வழக்கில் வீட்டு ஆள் உள்ளே இருக்கிறாரா? மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஃபோர்ட் பக்கம் கிரிமினல் வழக்கறிஞர்கள் சிலருக்கு, தமிழ்க் குடும்பங்கள் சொல்வதை இந்தியிலும் மராத்தியிலும் எடுத்துச் சொல்லும் வேலை செய்கிறேன். யுஏபிஏ (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கில் வீட்டு ஆள் கைதாகி, தாராவி, சயான் கோலிவாடா, சீத்தா கேம்ப் என்று யார் எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்களும் மனைவிகளும். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. இதைப் படித்துவிட்டு உங்கள் வக்கீலிடம் போய் உட்கார்ந்தால், எதைக் கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

“பையனை விடியக்காலைல வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. எந்த ஸ்டேஷன்னுகூடச் சொல்லல. மொதல்ல என்ன பண்றது?”

ஒரு தாளை எடுத்து நேரத்தை எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், சீருடையில் இருந்தார்களா, வண்டி நம்பர் என்ன, எதையெல்லாம் எடுத்துப் போனார்கள், அக்கம்பக்கத்தில் யார் பார்த்தார்கள். கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதில்தான் பின்னால் தகராறு வரும். காகிதத்தில் அவர்கள் காட்டும் நேரம் ஒன்றாகவும் நீங்கள் பார்த்த நேரம் வேறாகவும் இருக்கலாம்.

அப்புறம் ஒருவர் உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போகட்டும், இன்னொருவர் வக்கீலைப் பிடிக்கட்டும். கைதான தகவலையும் வைத்திருக்கும் இடத்தையும் உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டியது போலீஸின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ். அதில் இது 48ஆவது பிரிவு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைதானவர்களின் விவரத்தை வைத்திருக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்று 37ஆவது பிரிவு சொல்கிறது. “எங்களுக்குத் தெரியாது” என்று கைவிரித்தால் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். ஒரு நாள் தாண்டியும் கோர்ட்டில் நிறுத்தவில்லை என்றால் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும்.

“எதுக்கு அரெஸ்டுன்னு கேட்டா மராத்தில ஒரு பேப்பர் குடுத்தாங்களாம். அவனுக்கு மராத்தி படிக்கத் தெரியாது.”

அந்தப் பேப்பரைப் பத்திரமாக வையுங்கள். யுஏபிஏ வழக்கிலும் கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2024 மே மாதம் பத்திரிகையாளர் பிரபீர் புர்கயஸ்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்தக் கைதே செல்லாது என்று அவரை வெளியே விட்டார்கள். 2025 நவம்பரில், மும்பையில் நடந்த ஒரு வழக்கை வைத்தே (மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கு), காரணங்களைக் கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே முதல் ரிமாண்ட் (கோர்ட்டில் நிறுத்திக் காவலுக்கு அனுப்புவது) நாளிலேயே “என் கட்சிக்காரருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும்” என்று வக்கீல் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இதை வக்கீலுக்கு ஞாபகப்படுத்துவது உங்கள் பொறுப்பு. அவருக்கு அன்றைக்கு நூறு வேலை இருக்கும்.

“யுஏபிஏன்னா என்ன? அவன் கூட்டத்துல பேசினான், நோட்டீஸ் குடுத்தான், அவ்வளவுதானே?”

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், 1967இல் வந்தது. ஆரம்பத்தில் அமைப்புகளைத் தடை செய்வதற்கான சட்டமாக இருந்தது. தமிழ்நாட்டு ஆட்களுக்குப் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நினைவிருக்கும். 2002இல் வைகோ மேடையில் பேசியதற்காக அந்தச் சட்டத்தில் கைதாகி ஒன்றரை வருடத்துக்கு மேல் வேலூர் சிறையில் இருந்தார். 2004இல் பொடாவை ரத்து செய்தபோது, அதிலிருந்த பயங்கரவாதப் பிரிவுகள் பலவற்றை யுஏபிஏவுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். 2008 நவம்பரில் மும்பையில் தாக்குதல் நடந்த பிறகு, டிசம்பரில் ஜாமீன் பிரிவுகளைக் கடுமையாக்கினார்கள். 2019இல் தனிமனிதரையே பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரமும் வந்தது.

பேச்சு மட்டுமே குற்றமா என்று கேட்டால், கோர்ட்டில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். சதி (18ஆவது பிரிவு), தடை செய்த அமைப்பில் உறுப்பினர் (20), அந்த அமைப்போடு தொடர்பு, ஆதரவு (38, 39) என்று பிரிவு போடுவார்கள். எஃப்ஐஆர் நகலை வாங்கி எந்தப் பிரிவுகள் என்று பாருங்கள். 38, 39 மட்டும் என்றால் ஒரு கணக்கு. 16, 18, 20 சேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை (16இல் உயிர் போயிருந்தால் மரண தண்டனை வரைகூட) போகும், ஆகவே வேறு கணக்கு. கீழே வரும் பதில்கள் பலவும் இதைப் பொறுத்தவை.

“இன்னும் குற்றமே நிரூபிக்கல. அப்புறம் எப்படி வருஷக் கணக்கா உள்ள வைக்கிறாங்க?”

43டி(5) என்ற பிரிவுதான் காரணம். போலீஸ் தரப்புக் காகிதங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோல் தெரிகிறது என்று நீதிபதி கருதினால் ஜாமீன் தரக் கூடாது. அந்தக் கட்டத்தில் சாட்சியத்தை எடைபோட்டுப் பார்க்கவே கூடாது என்று 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஒரு கடிதம் கம்ப்யூட்டரில் கிடைத்தது என்று போலீஸ் சொன்னால், அதை யார் எழுதியது, எப்படி வந்தது என்பதெல்லாம் விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். விசாரணை எப்போது வரும் என்று கேட்டால் பதில் கிடையாது.

இங்கே மகாராஷ்டிரத்திலேயே நடந்த உதாரணம் எல்கார் பரிஷத் வழக்கு. 2017 டிசம்பர் 31 அன்று புனே சனிவார்வாடாவில் எல்கார் பரிஷத் என்ற கூட்டம், மறுநாள் பீமா கோரேகானில் வன்முறை. அந்தக் கூட்டம்தான் அதைத் தூண்டியது என்று போலீஸ் வழக்கு. 2018 ஜூன் 6இல் முதல் கைதுகள், மொத்தம் 16 பேர். 2020 ஜனவரியில் வழக்கு புனே போலீஸிடமிருந்து என்ஐஏவுக்கு (தேசியப் புலனாய்வு முகமை) போய், மும்பை ஸ்பெஷல் கோர்ட்டுக்கு வந்தது. ரோனா வில்சனும் சுதீர் தவளேவும் முதல் நாளிலேயே கைதானவர்கள். அவர்களுக்கு மும்பை ஹைகோர்ட் ஜாமீன் கொடுத்தது 2025 ஜனவரியில். ஆறரை வருடம். விசாரணையின் முதல் படியான குற்றச்சாட்டு வனைவதுகூட அன்றைக்கும் நடக்கவில்லை. 300க்கு மேல் சாட்சிகள் வரிசையில் இருந்தார்கள்.

இது ஏதோ சில பெரிய பெயர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இதை அவமானமாக நினைத்து வீட்டுக்குள் முடங்கும் அம்மாக்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன்.

“90 நாள், 180 நாள்னு வக்கீல் சொல்றாரே, அது என்ன கணக்கு?”

குற்றப்பத்திரிகை போடுவதற்கான கெடு. மற்ற வழக்குகளில் 60 அல்லது 90 நாள். யுஏபிஏவில் 90 நாள். அதற்குள் புலன்விசாரணை முடியவில்லை என்று அரசு வழக்கறிஞர் காரணத்தோடு அறிக்கை கொடுத்து, கோர்ட் ஒத்துக்கொண்டால் 180 நாள் வரை நீட்டிக்கலாம். போலீஸ் காவலும் மற்ற வழக்குகளில் 15 நாள் என்றால், இதில் 30 நாள்.

“180 நாள் தாண்டிடுச்சு. தானா வெளிய விட்டுடுவாங்களா?”

மாட்டார்கள். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் கோட்டைவிடுகின்றன. கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. வழக்கு எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அப்போது குறுக்கே வராது. ஆனால் நீங்கள் மனு போட்டால்தான் உண்டு. அவர்கள் குற்றப்பத்திரிகை போட்ட பிறகு கேட்டால் போச்சு.

எல்கார் வழக்கிலேயே பாருங்கள். நீட்டிப்பு கொடுத்த புனே கோர்ட்டுக்கு அதற்கு அதிகாரமே இல்லை என்று சுதா பரத்வாஜுக்கு 2021 டிசம்பர் 1 அன்று மும்பை ஹைகோர்ட் ஜாமீன் கொடுத்தது. அதே நாளில், அதே தீர்ப்பில், மற்ற எட்டுப் பேருக்குக் கிடைக்கவில்லை. உரிய நேரத்தில் அவர்கள் மனு போடவில்லை என்பதுதான் காரணம். ஆகவே கைதான தேதியிலிருந்து அல்ல, முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து எண்ணி, 90ஆவது நாளையும் 180ஆவது நாளையும் சுவரில் மாட்டிய தமிழ் நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். கெடு முடிகிற அன்று காலையில் மனு தயாராக இருக்க வேண்டும். நீட்டிப்பு கேட்கும் நாளில் உங்கள் ஆள் கோர்ட்டில் இருக்கிறாரா, அவருக்குத் தகவல் போனதா என்பதையும் வக்கீல் பார்க்க வேண்டும்.

“பாதித் தண்டனைக் காலம் உள்ள இருந்தா விட்டுடணும்னு புதுச் சட்டம் வந்திருக்காமே?”

பிஎன்எஸ்எஸ் 479ஆவது பிரிவு. அதிகபட்சத் தண்டனையில் பாதியும், முதல் தடவை என்றால் மூன்றில் ஒரு பங்கும் உள்ளே கழித்தவர்களுக்கானது. ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ வரக்கூடிய குற்றம் என்றால் பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் அதே பிரிவில் தடை இருக்கிறது. எந்தப் பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னது இதற்கும்தான். அரசியல் வழக்குகளில் பெரும்பாலும் இந்தக் கதவு திறப்பதில்லை.

“ஜாமீன்தான் விதி, ஜெயில் விலக்குன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சாம். அப்புறம் ஏன் குடுக்க மாட்டேங்கிறாங்க?”

சொல்லியிருக்கிறது. 2021 பிப்ரவரி 1, நஜீப் வழக்கு. கேரளத்தில் ஒரு பேராசிரியரின் கையை வெட்டிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார், இன்னும் 276 சாட்சிகள் பாக்கி. விசாரணை சீக்கிரம் முடியாது என்றால், 43டி(5) இருந்தாலும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவை வைத்து ஜாமீன் கொடுக்கலாம் என்றது கோர்ட். 2023 ஜூலையில் எல்கார் வழக்கில் கைதான வெர்னன் கோன்சால்வஸ், அருண் ஃபெரைரா இருவருக்கும் ஜாமீன் வந்தபோது, வன்முறையை ஆதரிக்கும் புத்தகம் வீட்டில் இருந்தது என்பதே குற்றமாகிவிடாது என்று சொன்னார்கள். 2024 ஆகஸ்டில் ஜலாலுதீன் கான் வழக்கில், யுஏபிஏ போன்ற சட்டத்திலும் ஜாமீன்தான் விதி என்றார்கள்.

இதற்கு நடுவில், 2024 பிப்ரவரியில், குர்விந்தர் சிங் வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட்டின் இன்னொரு அமர்வு, யுஏபிஏவில் ஜெயில்தான் விதி என்கிற தொனியில் மறுத்தது. எந்த அமர்வு முன் வழக்கு வருகிறது என்பது ஒருவருடைய ஐந்து வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. இதில் எனக்கு ஆறவே ஆறாத கோபம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கட்டும். ஆனால் நடைமுறையில் செய்ய வேண்டியது வேறு. ஸ்பெஷல் கோர்ட் மறுத்தால் ஹைகோர்ட்டில் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம், ஆனால் 90 நாளுக்கு மேல் முடியாது என்று என்ஐஏ சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு வாய்தாவிலும் எதற்காகத் தள்ளி வைத்தார்கள் என்று குறித்து வையுங்கள். எஸ்கார்ட் இல்லாமல் கோர்ட்டுக்குக் கொண்டுவரவில்லையா, அரசு வழக்கறிஞர் நேரம் கேட்டாரா, நீதிபதி விடுப்பா. “தாமதம் எங்களால் இல்லை” என்று நஜீப் தீர்ப்பைக் காட்டி வாதாட அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

“என்னையும் அவர் தங்கச்சியையும் ஆபீசுக்கு வாங்கன்னு போன்ல கூப்பிடுறாங்க. போகணுமா?”

போனில் கூப்பிட்டால் போக வேண்டியதில்லை. “எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்ததும் எந்தப் பிரிவு என்று பாருங்கள். சாட்சியாக விசாரிக்க என்றால் பிஎன்எஸ்எஸ் 179. அதன்படி பெண்களையும், 15 வயதுக்குக் கீழே உள்ள பையன்களையும், 60 தாண்டிய ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். தானாக விரும்பி வந்தால் அனுமதிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே நீங்கள் போய் நின்றுவிட்டால், விரும்பி வந்ததாகவே எழுதிக்கொள்வார்கள். “வீட்டில் வந்து கேளுங்கள், வக்கீல் கூட இருப்பார்” என்று எழுதிக் கொடுங்கள்.

நோட்டீஸில் 35(3) என்று இருந்தால் நீங்களே சந்தேகத்துக்கு உரியவர் என்று பொருள். அதற்குப் போகாமல் இருந்தால் கைது வரை போகலாம். உடனே வக்கீலிடம் ஓடுங்கள். மூன்றாவதாக யுஏபிஏ 43எஃப் என்று ஒன்று உண்டு. குடும்பத்தார் உட்பட யாரிடமும் எழுத்தில் தகவல் கேட்கலாம், கொடுக்காவிட்டால் மூன்று வருடம் வரை தண்டனை. அதற்கு எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். அந்த அனுமதி இருக்கிறதா என்று வக்கீல் கேட்கட்டும்.

இன்னொன்று. சாட்சியாகச் சொன்ன வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை. வெள்ளைத் தாளில் கையெழுத்து, எப்போதும் கிடையாது.

“என்னைக் கேஸைப் பத்திக் கேக்கல. ஏன் பொட்டு வைக்கல, ஏன் அந்தாள் போட்டோ வீட்ல இருக்குன்னு கேக்கிறாங்க. இதுக்கெல்லாம் பதில் சொல்லணுமா?”

வேண்டியதில்லை. வழக்கின் உண்மைகள் உங்களுக்குத் தெரிந்த அளவுக்குத்தான் சாட்சிக்குக் கடமை. உங்கள் நம்பிக்கை, சமையல், கல்யாணம் எதுவும் அதில் வராது.

2018 ஆகஸ்ட் 28 அன்று ஹைதராபாத்தில், எல்கார் வழக்கில் கைதான கவிஞர் வரவர ராவின் மருமகன் பேராசிரியர் கே. சத்தியநாராயணாவின் வீட்டைச் சோதனை போட்டார்கள். அவர் மீது வழக்கு இல்லை. ஏன் வீட்டில் கடவுள் படத்துக்குப் பதில் அம்பேத்கர் படம் இருக்கிறது, ஏன் இத்தனை புத்தகம், மனைவி ஏன் நகையும் பொட்டும் போடவில்லை என்றெல்லாம் கேட்டதாக அன்றைக்கே அவர் வெளியே வந்து சொன்னார். அவர் சொன்னதால்தான் அது பதிவாகி இன்றுவரை நிற்கிறது. உங்களிடம் கேட்டதையும் அன்று ராத்திரியே வார்த்தை மாறாமல் எழுதி, தேதி போட்டு, வக்கீலுக்கு அனுப்பிவையுங்கள்.

“போன், லேப்டாப், பொண்ணோட காலேஜ் பென்டிரைவ் எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க.”

பஞ்சநாமா (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பட்டியல்) நகல் வாங்கினீர்களா? சோதனை முழுவதையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 105 சொல்கிறது. ஒவ்வொரு கருவியும் எந்த கம்பெனி, என்ன நம்பர், எப்படி சீல் வைத்தார்கள், ஹாஷ் வேல்யூ (கருவியில் இருக்கும் தகவலின் கைரேகை போன்ற எண்) குறித்தார்களா என்பது முக்கியம். கருவியில் இருப்பது பின்னால் மாறவில்லை என்று காட்டுவதற்கு அந்த ஹாஷ் வேல்யூதான் ஆதாரம். ரோனா வில்சனின் கம்ப்யூட்டரில் வேறு யாரோ மால்வேர் வழியாகக் கடிதங்களைத் திணித்திருக்கிறார்கள் என்று 2021 பிப்ரவரியில் ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் அறிக்கை கொடுத்தது. அதை எடைபோடும் கட்டம் விசாரணையில்தான் வரும். மேலே சொன்ன வட்டாலி தீர்ப்பின் வலி இங்கேதான் தெரியும்.

பெண்ணின் பொருளைத் திருப்பிக் கேட்டு கோர்ட்டில் தனி மனு போடலாம். பரீட்சை இருக்கிறது என்றால் நகலாவது கேளுங்கள். மனைவியின் சம்பளக் கணக்கை முடக்கினாலும் அதே வழிதான். எந்தப் பிரிவில், யார் உத்தரவில் என்று பேங்கிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

“வாரா வாரம் வந்து வீட்டுக்காரர்ட்டயும் ஆபீஸ்லயும் விசாரிக்கிறாங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்றார்.”

என்னிடம் வரும் கேள்விகளில் மிகவும் கனமானது இதுதான். கைது ஒரு நாளில் முடிந்துவிடும். இது வருடக் கணக்கில் நடக்கும். வீட்டு வேலை செய்துவந்த ஓர் அக்காவை மூன்று வீட்டிலும் ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை, “கொஞ்ச நாள் கழிச்சு வாங்க” என்றார்கள். அவர் மகன் உள்ளே இருந்தான். கூட்டுறவு சொசைட்டியில் கையெழுத்துப் போட, ரேஷன் கடையில் நிற்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று எங்கே போனாலும் அவருக்கு முன்னால் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருந்த மாமனார் வீட்டிலும் போய் விசாரித்ததில், கோயில் கொடைக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

செய்யக்கூடியது: ஒவ்வொரு வருகையையும் தேதி, நேரம், பெயர்ப் பட்டை, என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலைந்து தடவை ஆனதும் அதை வைத்து கமிஷனருக்கு மனு, நகல் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு. நிற்கவில்லை என்றால் ஹைகோர்ட்டில் ரிட். வீட்டைப் பொறுத்தவரை, 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது மின்சாரத்தை, தண்ணீரை நிறுத்தியோ பூட்டை மாற்றியோ வெளியேற்ற முடியாது. ஆனால் காலம் முடிந்து புதுப்பிக்க மறுத்தால் உங்கள் பிடி தளர்ந்துவிடும். ஆகவே ஒப்பந்தம் முடிகிற தேதியைப் பார்த்து, இரண்டு மாதம் முன்பே தெரிந்தவர்களிடம் வேறு இடம் சொல்லி வையுங்கள்.

“ஜெயில்ல மனு பார்க்கப் போனா தமிழ்ல பேசக் கூடாதுங்கிறாங்க. எனக்கு வேற பாஷை வராதே.”

மும்பையில் ஆண்களை ஆர்தர் ரோட்டிலோ நவி மும்பையில் தளோஜாவிலோ வைப்பார்கள், பெண்களை பைகுல்லாவில். தளோஜா என்றால் ஹார்பர் லைனில் கார்கர் வரை போய் அங்கிருந்து ஆட்டோ. முலாகாத்துக்கு (சிறைச் சந்திப்பு) ஆதார் அசலும் நகலும், உறவைக் காட்ட ரேஷன் கார்டும் கொண்டு போங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர், நடுவில் இன்டர்காம். கிடைக்கும் சில நிமிடங்களில் பாதி அழுகையில் போய்விடும். கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொண்டு போகிறவர்கள் பிழைத்தார்கள்.

தமிழில் பேசக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. தங்களுக்குப் புரியவில்லை என்பதுதான் அவர்களுடைய கவலை. “என் தாய்க்கு வேறு மொழி தெரியாது, தமிழில் பேச அனுமதிக்க வேண்டும்” என்று உள்ளே இருப்பவரின் பெயரில் ஸ்பெஷல் கோர்ட்டில் மனு போட்டு உத்தரவு வாங்கி, அதன் நகலைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். கடிதமும் தமிழில் எழுதலாம். படித்துப் பார்த்து அனுப்ப ஆள் இல்லாததால் தாமதமாகும். ஆகவே கடிதத்துக்கு நம்பர் போடுங்கள். ஏழாவது கிடைத்து ஆறாவது கிடைக்கவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

“உள்ள உடம்பு சரியில்லாம இருக்கார். மருந்து குடுக்கிறாங்களான்னே தெரியல.”

திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டான் சுவாமி பாதிரியாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். 2020 அக்டோபர் 8இல் ராஞ்சியில் கைதாகி தளோஜாவுக்கு வந்தபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. உறிஞ்சு குழாய் வைத்த கோப்பை வேண்டும் என்று நவம்பர் 6 அன்று கோர்ட்டில் கேட்டார். பதில் சொல்ல என்ஐஏவுக்கு இருபது நாள் அவகாசம் கொடுத்தார்கள். இருபது நாள் கழித்து, எங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். மருத்துவக் காரணத்துக்கான ஜாமீன் மறுக்கப்பட்டு, பாந்த்ரா ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் 2021 ஜூலை 5 அன்று இறந்தார். அன்று ஹைகோர்ட்டில் அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, டாக்டர்தான் நீதிபதிகளிடம் சாவைச் சொன்னார்.

அதனால் காத்திருக்காதீர்கள். பழைய மருத்துவச் சீட்டுகளையெல்லாம் முதல் ரிமாண்டிலேயே கோர்ட்டில் கொடுங்கள். மருந்து, கண்ணாடி, குழாய், கம்பளி என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்து மனு. சிறை மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வரவர ராவுக்கு மருத்துவ ஜாமீன் கிடைத்ததும் இப்படி விடாமல் கோர்ட் படியேறியதால்தான். முதலில் 2021 பிப்ரவரியில் ஹைகோர்ட்டில் ஆறு மாதம், பிறகு 2022 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டில் நிரந்தரமாக.

“அப்பா சாகக் கிடக்கிறார். பரோல் கிடைக்குமா?”

பரோல் தண்டனைக் கைதிகளுக்குத்தான். விசாரணைக் கைதிக்கு இடைக்கால ஜாமீன், அல்லது போலீஸ் எஸ்கார்ட்டோடு சில மணி நேரம். இரண்டையும் ஒரே மனுவில் மாற்றாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரிச் சான்று, உறவுச் சான்று, டிக்கெட் விவரம் எல்லாம் சேர்த்து, சாவு நடக்கும் முன்பே போடுங்கள். டெல்லி கலவர வழக்கில் கைதான நடாஷா நர்வாலின் அப்பா 2021 மே மாதம் கோவிடில் இறந்தார். அவரைப் பார்க்கத்தான் ஜாமீன் கேட்டிருந்தாள். கிடைத்தது, அவர் போன பிறகு. ரோனா வில்சனுக்கு அப்பா இறந்த அடுத்த மாதம், பூசைக்காக இரண்டு வாரம் கொடுத்தார்கள். தங்கை கல்யாணத்துக்கு, அதே டெல்லி கலவர வழக்கில் கைதான உமர் காலித் 2022 டிசம்பரில் ஒரு வாரம் வந்து போனார். தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும் என்றால் பயண நாளையும் சேர்த்துக் கேட்க மறக்காதீர்கள்.

“வக்கீல் பீஸ் எங்களால முடியாது.”

காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, 12ஆவது பிரிவு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. 15100க்கு போன் செய்யலாம். வரும் வக்கீலுக்கு யுஏபிஏ பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

“அப்ரூவர் ஆகச் சொல்லு, அடுத்த வாரமே வீட்டுக்கு வந்துடுவான்னு என்கிட்ட வந்து சொல்றாங்க.”

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மன்னிப்புப் பெற்று அரசு சாட்சியாகிறவர், ஏற்கெனவே ஜாமீனில் இல்லை என்றால், விசாரணை முடியும்வரை காவலிலேயே இருக்க வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 343ஆவது பிரிவில் இருக்கிறது. விசாரணை எப்போது முடியும் என்பதை மேலே பார்த்தோம். இந்த முடிவு உள்ளே இருப்பவருடையது, அவர் வக்கீலைக் கேட்டு எடுக்க வேண்டியது. மனைவியிடமும் அம்மாவிடமும் வந்து பேரம் பேசுகிறவர் யார், என்ன சொன்னார் என்று அதே நோட்டில் எழுதுங்கள்.

“ஜாமீன் ஆர்டர் வந்து ஒரு வாரம் ஆச்சு. இன்னும் வரல. வந்தா ஊருக்குக் கூட்டிட்டுப் போலாமா?”

ஜாமீன்தாருக்கு வருமானச் சான்றும் சால்வன்சி சர்டிபிகேட்டும் (சொத்து மதிப்புச் சான்று) கேட்பார்கள். அது கைக்கு வர நாளாகும். அதுவரை ரொக்க ஜாமீனில் விடும்படி வக்கீல் உடனே கேட்க வேண்டும். மும்பை கோர்ட்டுகளில் இது வழக்கம். ஒரு மாதமாகியும் ஜாமீன்தார் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட்டே யோசிக்கலாம் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் வழிகாட்டியிருக்கிறது. வேறு வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் முன்பே பாருங்கள். இருந்தால் சிறை வாசலிலிருந்து திரும்ப உள்ளே போவதும் நடக்கும்.

ஊருக்குப் போவது கோர்ட் கையில். சுதா பரத்வாஜ் சத்தீஸ்கரில் முப்பது வருடத்துக்கு மேல் தொழிலாளர்களோடு இருந்தவர். ஜாமீனில் வந்தபோது மும்பை கோர்ட் எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. தெரியாத நகரத்தில் வீடு தேட வேண்டியிருந்தது. வழக்கைப் பற்றிப் பத்திரிகையிடம் பேசக் கூடாது என்றும் நிபந்தனை வரும். அது அவருக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. சொந்தக்காரர்கள் “வாயை மூடிட்டு இரு” என்பார்கள். வழக்கின் சாட்சியத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அதை வக்கீலிடம் விடுங்கள். ஆனால் மருந்து தரவில்லை, நாள் கடத்துகிறார்கள், பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்பதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

“கடைசில நிரபராதின்னு தீர்ப்பு வந்தா நஷ்டஈடு தருவாங்களா?”

தானாகத் தரும் சட்டம் இந்தியாவில் இல்லை. கேட்டு வாங்கியவர்கள் உண்டு. நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் உளவு வழக்கில் 1994இல் கைதானார். 50 லட்சம் தரச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது 2018 செப்டம்பரில். எல்லோருக்கும் அதற்கு ஆயுள் இருப்பதில்லை. யுஏபிஏ வழக்கில் சிக்கிய டெல்லிப் பேராசிரியர் ஜி.என். சாய்பாபாவை 2024 மார்ச்சில் மும்பை ஹைகோர்ட்டின் நாக்பூர் கிளை விடுதலை செய்தது. அவர் முதலில் கைதானது 2014இல். விடுதலையாகி ஏழு மாதத்தில், அக்டோபர் 12 அன்று இறந்துவிட்டார்.

“அப்பா மேல கேஸ் இருக்குன்னா பொண்ணுக்கு பாஸ்போர்ட் கிடைக்காதா?”

கிடைக்கும். பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) விண்ணப்பிப்பவர் மீதே கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால்தான் தடை சொல்கிறது. அப்பாவின் வழக்கு மகளின் வழக்கு ஆகாது. போலீஸ் வெரிஃபிகேஷனில் வாய்மொழியாக இழுத்தடித்தால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரும்படி பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணம் எழுத வேண்டியது அவர்கள் கடமை. அந்தக் காகிதம் கையில் இருந்தால் மேல்முறையீடு போடலாம், ஹைகோர்ட்டுக்கும் போகலாம். விண்ணப்பத்தில் அப்பா பெயரை மறைக்கவோ மாற்றவோ வேண்டாம். மறைத்தால்தான் அவள் மேல் புதிதாக ஒரு குற்றச்சாட்டு வரும்.